அச்சத்தின் நான்காவது காரணம்

(புக்கிட் செலம்பாவ் தோட்டக் கிராணி ஒருவர் எழுதுவது)

பேய்க்கதைகளைப் படிப்பது காலக்கேடு என்றும், மூடநம்பிக்கைக்கு உரமிடுவது என்றும் நம் சீர்திருத்தத் தோழர்கள் கூறப் பன்முறை கேட்டிருக்கிறேன். பேய் என்பதொன்றில்லை என்பதில் அவர்களுக்கும் எனக்கும் வேற்றுமை கிடையாது. ஆயினும், பேய் இல்லையென்று ஒருவனுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய பின்னரும் அவனுடைய நடுக்கம் நிற்பதில்லையே, அஃது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் விடை கூறக் காணேன். அறியாமை என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அச்சொல் எனக்குப் போதவில்லை. ஆங்கில வழியில் படித்தவனாதலால், அம்மொழியில் ‘கோதிக்’ என்று பெயர் பெற்ற கதைகள் இளமையிலேயே என் கைக்கு எட்டின. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கத் தொடங்கிய பின்பு அவற்றை மீண்டும் படித்தேன். முதன்முறை படித்தபோது பேய் தெரிந்தது. இரண்டாம் முறை வேறொன்று தெரிந்தது.

கோத்தர் என்போர் பழைய ஐரோப்பிய இனத்தவர். கூர்வளைவுகளும் இருண்ட மண்டபங்களும் கொண்ட இடைக்காலக் கட்டட முறையைப் பிற்காலத்தார் அவ்வினத்தின் பெயரால் இகழ்ச்சியாக அழைத்தனர். அத்தகைய கட்டடங்களிலே நிகழ்வனவாக எழுதப்பட்ட கதைகளுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. 1764-ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலப் பிரதம மந்திரியாயிருந்த ஒருவரின் மகனாகிய ஹொரேஸ் வால்போல் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற கதையை வெளியிட்டார். தாம் எழுதியதென்று சொல்லக் கூசிப் பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று அச்சிட்டார். மக்கள் விரும்பிப் படித்ததைக் கண்டதும், மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு ‘கோதிக் கதை’ என்ற பெயரையும் சேர்த்தார். இவ்வாறு பொய்ப் பெயரோடு பிறந்தது இவ்விலக்கிய வகை.

இனி நம் நூலுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்று வகுக்கிறார். அச்சத்திற்கு அவர் காட்டும் நான்கும் யாவையெனின், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. அணங்கென்பது தெய்வம், பேய் போன்ற வருத்தும் சக்தி. விலங்கும் கள்வரும் விளங்கும். நான்காவதாகிய ‘இறை’ தன்மேல் ஆணை செலுத்தும் தலைவன். பேயையும் புலியையும் திருடனையும் அரசனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவை நால்வகை அச்சத்தின் வித்துக்கள் என்று கூசாமற் சொன்ன அப்புலவரை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அரசவைகளை அண்டி வாழ்ந்த நம் புலவர்களிற் பலர் அந்த நான்காவதைப் பற்றிப் பேசத் துணிந்தாரில்லை. கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழட்டு உண்டு கூத்தாடுகின்றன. படிக்க இனிக்கிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் அத்தனை பிணங்களையும் விழச் செய்த வேந்தனைக் கண்டு அஞ்சவேண்டிய நாம், பேயைக் கண்டு சிரித்துவிட்டு எழுந்து போகிறோம். செயங்கொண்டாரின் சாமர்த்தியம் அது.

கோதிக் கதைகளில் உண்மையாக நம்மை நடுங்கச் செய்வது தொல்காப்பியர் சொன்ன முதற் காரணமன்று, நான்காவதே என்பது என் துணிபு. பேய் முன்னே நிற்கிறது. இறை அதன் பின்னே நிற்கிறான்.

ஒட்ராண்டோவில் மணநாளன்று வானத்திலிருந்து வீழ்ந்ததுபோல் ஒரு மாபெருந் தலைக்கவசம் மணமகனை நசுக்கிக் கொல்லுகிறது. சிறுபிள்ளைத்தனமான நிகழ்ச்சிதான், இன்று யாரும் அதற்கு அஞ்சார். ஆனால் மகன் இறந்த அன்றே, அவனுக்கென்று நிச்சயித்த பெண்ணைத் தானே மணந்துகொள்வேன் என்று கிளம்புகிறானே தந்தை மான்பிரெட், அந்த இடத்தில்தான் உடம்பு கூசுகிறது. அவன் ஆளும் அந்நாடு அவன் பாட்டன் நஞ்சிட்டுக் கவர்ந்தது. வாரிசின்றேல் கவர்ந்தது கைவிட்டுப் போகும். ஆகவே மனைவியைத் தள்ளவும், இளம்பெண்ணைக் கோட்டையின் அடித்தளச் சுரங்கங்களில் விரட்டவும் அவனுக்குத் தயக்கமில்லை.

1794-இல் ஆன் ராட்கிளிப் அம்மையார் எழுதிய ‘உடால்போ மர்மங்கள்’ இதனினும் தேர்ந்த நூல். தாய் தந்தையரை இழந்த எமிலி என்ற பெண், தன் அத்தையை மணந்த மொந்தோனி என்பவனால் மலைமேலுள்ள பாழடைந்த கோட்டைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அங்கே ஓர் அறையில் கறுப்புத் திரையொன்று தொங்குகிறது. அதை விலக்கிப் பார்த்த எமிலி மூர்ச்சித்து விழுகிறாள். என்ன கண்டாள் என்பதை ஆசிரியை பல நூறு பக்கங்கள் சொல்லாமலே நம்மை இழுத்துச் செல்கிறார். முடிவில் பார்த்தால் அது மெழுகினால் செய்த உருவம்! இப்படியே நூலிலுள்ள ஒவ்வொரு மர்மத்திற்கும் இயற்கையான காரணம் கூறப்படுகிறது. பகுத்தறிவுக்கு இதைவிட நற்சாட்சி வேறென்ன வேண்டும் என்று நம் தோழர்கள் மகிழலாம். நானும் முதலில் மகிழ்ந்தேன்.

ஆனால் பாருங்கள். திரைக்குப் பின்னால் இருந்தது பொம்மைதான். திரைக்கு முன்னால் மேசையருகே உட்கார்ந்திருந்த மொந்தோனி பொம்மையல்லன். அவனுக்கு வேண்டியது பெண்ணின் உயிருமன்று, கற்புமன்று, நிலம். மனைவியின் பெயரிலுள்ள நிலங்களைத் தனக்கு எழுதிக் கையெழுத்திட வற்புறுத்துகிறான். அவள் மறுக்கவே கோபுர அறையில் அடைத்துப் போடுகிறான். நோயுற்று அவள் மாள்கிறாள். அவளுக்குப் பின் அந்நிலம் எமிலியைச் சேர்வதால், அதே காகிதத்தை எமிலியின் முன் நீட்டுகிறான். நள்ளிரவில் கேட்கும் குரல்களையெல்லாம் பின்னர் ஆசிரியை விளக்கிவிடலாம். நடுப்பகலில் நீட்டப்படும் அந்தக் காகிதத்தை எதைக் கொண்டு விளக்குவது? படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து, என்னவென்று அறியாத தாளில் ஒற்றிய வரலாறு நம் தோட்டங்களில் எவ்வளவு நீளமானது! கப்பலேறும் முன்பே அது தொடங்கிற்று. அக்காகிதங்களை எடுத்து வைத்து, இங்கே ஒற்று என்று இடம் காட்டியவர் பெரும்பாலும் என் போன்ற கிராணிகளே.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் இத்தகைய நூல்களைப் பகடி செய்து ‘நார்தாங்கர் ஆபி’ எழுதினார். அவர் இறந்தபின் 1817-ஆம் ஆண்டு முடிவில் அது வெளிவந்தது. ராட்கிளிப்பின் கதைகளைப் படித்து மயங்கிய ஒரு பெண், தான் விருந்தாளியாகத் தங்கிய வீட்டுத் தலைவர் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று ஐயுறுகிறாள். அது வீண் ஐயமென்று தெளிந்து நாணுகிறாள். இத்தோடு நின்றிருந்தால் சாதாரணப் பகடி. பிறகென்ன நடக்கிறது? அந்தப் பெண் தாம் நினைத்தவாறு செல்வமுள்ளவளல்லள் என்று அறிந்ததும், அதே கனவான் அவளைத் துணையின்றித் தொலைவழிக்கு வண்டியேற்றி வீட்டைவிட்டுத் துரத்துகிறார். கொலை பொய், கொடுமை மெய். பகடி செய்ய வந்தவரும் ராட்கிளிப் நின்ற இடத்திலேயே வந்து நின்றார்.

நிற்க. இதுவரை சொன்னது அச்சத்தின் ஒரு முனை. கீழிருப்பவன் மேலிருப்பவனைக் கண்டு அஞ்சுவது. மற்றொரு முனையுண்டு. மேலிருப்பவன், தான் வஞ்சித்தவனைக் கண்டு அஞ்சுவது. தொல்காப்பியர் பட்டியலில் அதற்குத் தனியிடமில்லை. அதற்கு இடம் கொடுத்தது மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’.

அந்நூல் பிறந்த கதையில் நம் பக்கத்துத் தீவொன்றுக்கும் பங்குண்டு. 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அவ்வோசை ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்திராவரை பீரங்கி முழக்கம்போற் கேட்டது. வானத்தில் எழுந்த தூசும் புகையும் உலகைச் சூழ்ந்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் செய்தன. 1816-இன் அந்த இருண்ட மழைநாட்களில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையொன்றில் பைரன், ஷெல்லி முதலியோர் வெளியே செல்லமுடியாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தனர். அவ்வேளை மேரிக்கு வயது பதினெட்டு. 1792-இலேயே பெண்ணுரிமைக்கு வாதாடி நூல் செய்த மேரி வால்ஸ்டன்கிராப்டின் மகள் அவர். தாய் அவரைப் பெற்ற சில நாட்களிலேயே மாண்டார். 1818-இல் முதற் பதிப்பு ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புக்களைச் சேர்த்து ஓர் உருவைச் செய்து உயிரூட்டுகிறான். அது கண் திறந்த கணமே அஞ்சி ஓடிவிடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. கதையின் முடிவுவரை அதற்குப் பெயரில்லை. உலகம் செய்தவனின் பெயரையே செய்யப்பட்டதற்கும் இட்டு வழங்குகிறது. தமிழில் இக்கதையைச் சொல்லப் புகுவோனுக்கு ஆங்கிலத்தாரினும் மிக்க இடரொன்று முதல் வாக்கியத்திலேயே எதிர்ப்படும்: வந்தது என்பதா, வந்தான் என்பதா? நம் மொழியில் வினைமுற்றுத்தோறும் திணை தீர்ப்புச் சொல்லியாகவேண்டும். தப்ப வழியில்லை.

அவ்வுருவம் காட்டில் ஒரு குடிலை அண்டி ஒளிந்து வாழ்ந்து, சுவரின் இடுக்கு வழியாகக் கண்டும் கேட்டும் மொழி கற்கிறது, நூல் படிக்கிறது, அக்குடும்பத்தாரின் வறுமை கண்டு இரவில் ஒருவருமறியாமல் விறகு வெட்டி வைக்கிறது. கடைசியில் துணிந்து உள்ளே போகிறது. வீட்டிலிருந்த முதியவர் குருடர். அவர் அன்போடு வரவேற்று உட்காரச் சொல்லுகிறார். கண்ணுள்ள பிள்ளைகள் திரும்பிவந்ததும் அடித்து விரட்டுகிறார்கள். இந்நூலில் எனக்கு மிக உகந்த இடம் இதுவே. குருடர் மட்டுமே மனிதனைக் கண்டார் என்று ஆசிரியை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நன்று. நம் நாட்டவன் இதைப் படிக்கும்போது ஐரோப்பாவில் நிற்கமுடியாது. திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் என்னும் மக்கள், கண்ணிற் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டுப் பகலில் வெளிவரலாகாதவர்களாய், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நடமாடி வேலை செய்து வாழ்ந்த செய்தி 1932 டிசம்பரில் பத்திரிகையில் வெளிவந்தது. பகலை ஒருவனிடமிருந்து பறித்துக்கொண்டு, பிறகு இரவில் ஏதோ நடமாடுகிறது என்று கதவைத் தாழிடுவது! பேய் உண்டாகும் முறையை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் எனக்குக் காட்டியதில்லை.

ராட்கிளிப் அம்மையாருடைய கட்டுரையொன்று அவர் மறைவுக்குப்பின் 1826-இல் வெளிவந்தது. அதில் அவர் அச்சத்தையும் அருவருப்புக் கலந்த கொடூரத்தையும் வேறுபடுத்தி, முன்னது உள்ளத்தை விரியச் செய்யும், பின்னது உறையச் செய்யும் என்றார். நம் மரபிலும் அச்சம் வேறு, இளிவரல் வேறு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றால் இளிவரல் பிறக்கும். பிராங்கன்ஸ்டைனின் படைப்பை முதலிற் காணும்போது நமக்குத் தோன்றுவது இளிவரலே. அதன் வாய்மொழியைக் கேட்கக் கேட்க அது அழுகையாக மாறுகிறது. அழுகைக்குத் தொல்காப்பியர் வைத்த நான்கு காரணங்களில் முதலாவது என்ன? இளிவு, பிறரால் இகழப்படுதல். இழவுக்கும் வறுமைக்கும் முன்னால் அவர் இகழ்ச்சியை வைத்திருக்கிறார். அவ்வுருவம் பசியால் கொலைகாரனாகவில்லை, இகழ்ச்சியால் ஆயிற்று. தன்மானம் என்பது வயிறு நிறைந்தவனுக்குப் பிறகு தோன்றும் ஆடம்பரம் என்பார் இரு நூல்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

எல்லாக் கோதிக் கதைகளையும் நான் புகழ வரவில்லை. 1796-இல் லூயிஸ் எழுதிய ‘துறவி’ பிணங்களை அடுக்கிக் காசு பண்ணிய நூல். 1897-இல் வந்த ‘டிராகுலா’ விறுவிறுப்பில் நிகரற்றதெனினும், தீமையெல்லாம் கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி வருகிறதென்ற எண்ணத்தை நஞ்சுபோல் ஊட்டுகிறது. கப்பலேறி வந்தவர்களின் சந்ததியாகிய நமக்கு அது கசக்கவேண்டும்.

பெண் பேய்களைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய் மக்களின் பொந்தியானாக், பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் ஆவி என்பர். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957-இல் சிங்கப்பூரில் அதைப் படமாக்கினார், கூட்டம் அலைமோதிற்று. நம் பழையனூர் நீலியோ கணவனாற் கொல்லப்பட்டவள். ஆண் பிள்ளைகளே இவர்களுக்கு மிக அஞ்சுகின்றனர் என்பதைக் கவனிக்கவேண்டும். வைத்தியமின்றிச் செத்தவளும் வஞ்சிக்கப்பட்டுச் செத்தவளும் திரும்பி வந்து கணக்குக் கேட்பார்களோ என்ற உள்ளுறுத்தலே அந்த அச்சம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சூலோடு இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் இருந்தது. வழிப்போக்கன் தன் சுமையை அதன்மேல் இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்குமாம். பகுத்தறிவுக்கு ஒவ்வாதுதான். ஆனாலும் பேயோட்டுவதைவிட, வழியில் நாலுபேருக்குப் பயன்படும் ஒரு கல்லை நடுவது எத்தனையோ மேல்!

நம் மொழியில் இந்நாடியைச் சரியாகப் பிடித்துப் பார்த்தவர் புதுமைப்பித்தன் (1906–1948). ‘பிராங்கன்ஸ்டை’னைத் தமிழில் தந்தவரும் அவரே. ‘பிரேத மனிதன்’ என்று அவர் வைத்த பெயரில் பிரேதமும் உண்டு, மனிதனும் உண்டு. திணைச் சிக்கலுக்கு அட்டையிலேயே விடை கொடுத்துவிட்டார். அவருடைய ‘காஞ்சனை’யில் பாழுங்கோட்டை இல்லை, புத்தகம் படிக்கும் ஓர் எழுத்தாளனின் சாதாரண வீடு. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வீட்டில் நிம்மதியில்லை; இரவில் ஏதோ வாடை. அவள் பேயா பெண்ணா என்பதை ஆசிரியர் தீர்க்காமலே விடுகிறார். இதைக் குறையென்பாரும் உளர், நான் நிறைவென்பேன். ஊரும் உறவும் இல்லாத ஒருத்தி அடுப்படியில் படுத்திருக்கிறாள் என்றால் வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வருவதில்லை. இதற்குப் பேய் வேண்டியதேயில்லை.

அவரே எழுதிய ‘துன்பக்கேணி’யில் பேய் இல்லவேயில்லை. திருநெல்வேலிச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போன ஒரு பெண்ணின் கதை. ஆனால் கோதிக் கதைக்குரிய எல்லாம் அங்கே உண்டு: தப்பமுடியாத மலை, எல்லாம் வல்ல துரை, கதவு சாத்திய அறை, மதிக்கப்படாத உடல். நம் மொழியில் எழுதப்பட்ட மிகப் பயங்கரமான கதை எது என்று என்னைக் கேட்டால் ‘காஞ்சனை’ என்று சொல்லமாட்டேன், இதையே சொல்வேன். கதை என்ற அளவில் அதன் பிற்பகுதி கட்டுக்குலைந்து ஓடுகிறது என்பதையும் மறைக்கவில்லை.

சென்ற ஆண்டு லயத்து வீடொன்றில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டிய கை. மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின்னும் அங்கேயே இருப்பவர். பழைய கிணற்றடியில் உலாவும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல் பேயில்லை என்று பிரசங்கம் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இருக்கலாம் கிராணி ஐயா. எங்கப்பா நடுச்சாமத்துல சுடுகாட்டு வழியா ஒத்தையா வருவாரு, ஒண்ணுக்கும் பயப்படமாட்டாரு. ஆனா தொரை காரு சத்தம் கேட்டுச்சுன்னா சைக்கிள விட்டு எறங்கி கால்வாய் ஓரமா நின்னுக்குவாரு. கை நடுங்கும், நான் பாத்திருக்கேன். கிராணி வந்தாலும் அப்படித்தான்.”

1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், துரைமார்களுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டியதில்லை என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு அதையும் கேட்டார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்கத் துருப்புக்கள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். இதை நான் புத்தகத்தில் படித்து, கண்டனம் எழுதிய அன்பர்களோடு சேர்ந்து கொதித்தவன். ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ என்பதில் என் ஆபீசு நாற்காலியும் அடங்கும் என்பது அந்த மூதாட்டி சொன்ன பிறகே உறைத்தது. மொந்தோனி ஒருவனாகவா அக்கோட்டையை ஆண்டான்? சாவிக்கொத்து வைத்திருந்தவன் ஒருவன், காகிதம் எழுதிக் கொடுத்தவன் ஒருவன் இருந்திருப்பார்கள் அல்லவா? ராட்கிளிப் அவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

பேச்சை மாற்றுவதற்காக, நீங்கள் ஒரு பேய் சொன்னீர்கள், நான் ஒன்று சொல்கிறேன் என்று பிராங்கன்ஸ்டைன் கதையைத் தொடங்கினேன். அது கண் திறந்தது, அது காட்டுக்குப் போனது, அது ஒளிந்திருந்து பேசக் கற்றது என்று நான் சொல்லிக்கொண்டே வர, வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குருடரின் குடிலுக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

“அவனுக்குப் பேரே வைக்கலையா?” என்றார்.

வைக்கவில்லை என்றேன்.

“ம்… மேல சொல்லுங்க.”